பிறந்த நாளிலேயே தடுக்கக்கூடிய புற்றுநோய்

புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்தமாத்திரத்தில் நம்மவர் தலைவிதியை நினைக்கின்றனர். "வந்தது வந்துவிட்டது, இனி என் செய்வது?" என்று கைகளைப் பிசைந்துகொண்டு உட்காருகின்றனர். அந்நிய ஆட்சியைத் தலைவிதி என்று கருதியிருந்த காலமும் ஒன்று நமக்கு உண்டு. காரணத்தை ஆராய்ந்து அறிந்த பிறகே அவ்விதி மாறிற்று. நோயின் விஷயமும் அத்தகையதே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 'இந்நோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி எதற்கு?' என்ற அவநம்பிக்கை நாடெங்கும் நிலவிய காலத்தில் அவர் சோர்வின்றிப் பாடுபட்டார். 1952-ஆம் ஆண்டில் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டிய அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் 1954-இல் திறக்கப்பெற்றது. இந்நோய் விதியன்று, ஆராய்ந்து எதிர்க்கத்தக்க பகையே என்ற உறுதியின் சின்னமாக அது இன்றும் நிற்கிறது.

நோய் வந்தபின் எதிர்ப்பது ஒன்று. வருமுன் தடுப்பது வேறொன்று. புற்றுநோய்களுள் ஒன்றையேனும் ஒரு சிறு ஊசியால், அதுவும் குழந்தை பிறந்த முதல் நாளிலேயே, பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்று கூறினால் நம்புவோர் சிலரே இருப்பர். எனினும் அது கற்பனையன்று. கல்லீரலைப் பற்றும் புற்றுநோயின் வரலாறு அவ்வுண்மையை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டுகிறது. அவ்வரலாற்றைத் தேசத்தொண்டர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

கனலும் காவலும்

ஜெர்மானிய மருத்துவ மேதை ருடால்ஃப் விர்கோ என்பவர் 1863-ஆம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டார். நெடுநாள் புண்பட்டுக் கனன்றுகொண்டிருக்கும் இடங்களிலேயே புற்று தோன்றுவதை அவர் கண்டிருந்தார். ஆகவே இரண்டிற்கும் தொடர்பு இருத்தல் வேண்டும் என்று எண்ணினார். இவர் மருத்துவர் மட்டுமல்லர். 1848-இல் மேல் சைலீஷியாவில் விஷக்காய்ச்சல் பரவியபோது அதனை ஆராயச் சென்ற இவர், அம்மக்களுக்கு வேண்டிய மருந்து ஜனநாயகமும் கல்வியுமே என்று சர்க்காருக்கு அஞ்சாது எழுதியவர். பின்னாளில் பிரஷ்ய சட்டசபையில் பிஸ்மார்க்கை எதிர்த்து நின்றவர். நோய்க்கு மூலம் எங்கே என்று நாடும் பார்வை அவருக்கு அரசியலிலும் உண்டு, அறிவியலிலும் உண்டு. அவருடைய கருத்தைப் பலர் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரே உலகம் அதன் வன்மையை உணர்ந்தது.

முன்னாளில் தாபிதம் என்றும் இந்நாளில் அழற்சி என்றும் வழங்கும் நிலை எது? கையில் முள் தைத்தால் அவ்விடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. உடலின் காவற்படை அங்கே விரைந்து வந்து பகையோடு போர் செய்வதன் அடையாளம் அது. பகை ஒழிந்தவுடன் படை திரும்புகிறது, புண் ஆறுகிறது. இத்தகைய அழற்சி நமக்கு நண்பன். அஃதில்லையேல் சிறு கீறலும் உயிரைக் குடிக்கும். ஆனால் பகை ஒழியாது ஒளிந்திருக்குமாயின் படை திரும்புவதில்லை. திருடனைப் பிடிக்க வந்த சேவகர்கள், அவன் அகப்படாமையால் ஆண்டுக்கணக்கில் தெருவிலேயே தங்கி, வீடு வீடாக இடித்துத் தேடுவார்களாயின் அத்தெரு என்னவாகும்? நாட்பட்ட அழற்சி உறுப்பிற்குச் செய்யும் தீங்கு அதுவே.

இடிந்த வீட்டை உடல் மீண்டும் கட்டுகிறது. அழிந்த உயிரணுவிற்கு ஈடாக மற்றோர் அணு பிளந்து இரண்டாகிறது. ஒவ்வொரு பிளவிலும் அணுவின் உட்கருவிலுள்ள எழுத்துக்களை முற்றும் படியெடுத்தல் வேண்டும். காவற்படை உமிழும் எரிபொருள்களோ அவ்வெழுத்துக்களையே சிதைக்க வல்லவை. சிதைந்த ஏட்டை அவசரம் அவசரமாக ஆயிரமாயிரம் முறை படியெடுத்தால் பிழைகள் மலிவது இயல்பு. பிழைகள் குவிந்து, அடங்காது பெருகும் அணு ஒன்று பிறக்கும் நாளே புற்று பிறக்கும் நாள்.

ஈரலில் ஒளிந்த பகைவன்

இந்த நிகழ்ச்சி மிகத் தெளிவாகக் காணப்படும் உறுப்பு கல்லீரல். அதனைப் பற்றும் கிருமிகளுள் ஹெபடைடிஸ் பி என்பது கொடியது. இக்கிருமி தானாக ஈரலின் அணுக்களை அதிகம் கொல்வதில்லை. கிருமி புகுந்த அணுக்களை நம் உடலின் காவற்படையே தாக்கி அழிக்கிறது. அழிவும் புதுப்பிப்பும் இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓயாது நடைபெறும். தழும்பின்மேல் தழும்பு ஏறி ஈரல் கடினமாகிச் சுருங்குகிறது. அச்சுருங்கிய ஈரலிலே பலருக்குப் புற்று எழுகிறது. இக்கிருமி தன் மரபுப் பொருளை ஈரலணுவின் உட்கருவிலேயே செருகிவிடும் ஆற்றலும் உடையது. ஆதலின் ஈரல் சுருங்குமுன்னரே புற்று எழுவதும் சிலரிடம் உண்டு. இரு வழியாலும் இது புற்றுக்கு வித்தாகிறது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உளது. வயதுவந்தவர் ஒருவருக்கு இக்கிருமி தொற்றினால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் அதனை வென்று வெளியேற்றிவிடுகின்றனர். பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றிய குழந்தையின் நிலையோ நேர்மாறானது. அக்குழந்தைகளுள் நூற்றுக்குச் சுமார் தொண்ணூறு பேர் கிருமியை ஆயுள் முழுதும் சுமக்கின்றனர். பச்சிளங்குழந்தையின் காவற்படை பகைவனைப் பகைவன் என்று அறியாது வீட்டில் குடியேற விட்டுவிடுகிறது. வளர்ந்தபின் அறிந்து போர் தொடுக்கும்போது காலம் கடந்துவிடுகிறது. ஆகவே, நாற்பது வயதில் ஒரு மனிதனைக் கொல்லும் புற்றுநோய் அவன் பிறந்த அறையிலேயே விதைக்கப்பட்டிருக்கலாம். தடுக்க வேண்டுமாயின் அங்கேயே தடுத்தல் வேண்டும்.

உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பின்படி 2022-ஆம் ஆண்டில் இக்கிருமியை நாட்பட்ட நோயாகச் சுமந்தவர் உலகில் 25 கோடியே 40 லட்சம் பேர். அவர்களுள் 2 கோடியே 98 லட்சம் பேர் இந்தியர். அவ்வோராண்டில் உலகெங்கும் சுமார் 11 லட்சம் உயிர்களை இக்கிருமி கவர்ந்தது. ஈரல் சுருக்கமும் ஈரற் புற்றுமே அம்மரணங்களுக்குப் பெரும்பாலும் காரணம். தன்னுள் இப்பகை இருப்பதை அறியாதவரே அவர்களுள் மிகப் பலர்.

உண்மை வெளிப்பட்ட விதம்

அமெரிக்க ஆராய்ச்சியாளர் பாரூக் பிளம்பெர்க் இக்கிருமியைத் தேடிப் புறப்பட்டவரல்லர். பல நாட்டு மக்களின் இரத்தத்தில் உள்ள வேற்றுமைகளை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் இதுகாறும் அறியாத பொருள் ஒன்று இருக்கக் கண்டு, 1965-இல் அதனை வெளியிட்டார். அது ஹெபடைடிஸ் கிருமியின் மேலுறை என்பது சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. அவ்வுறையையே பிரித்தெடுத்துத் தடுப்பு மருந்து செய்யலாம் என்று அவரும் இர்விங் மில்மன் என்பவரும் 1969-இல் வழி கண்டனர். பிளம்பெர்க் 1976-இல் நோபெல் பரிசு பெற்றார். 1981-இல் அமெரிக்க சர்க்கார் அத்தடுப்பு மருந்தை அங்கீகரித்தது.

அதே 1981-ஆம் ஆண்டில் தைவான் தீவிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. பால்மர் பீஸ்லி என்னும் மருத்துவரும் அவருடைய சகாக்களும் சர்க்கார் உத்தியோகஸ்தர்களான 22,707 ஆடவரின் இரத்தத்தைச் சோதித்து, ஆண்டுக்கணக்கில் அவர்களைக் கவனித்து வந்தனர். அவர்களுள் கிருமியைச் சுமந்தவர் 3,454 பேர். ஈரற் புற்றால் இறந்தோர் 41 பேர். அந்த 41 பேருள் 40 பேர் கிருமியைச் சுமந்தவர்களே. ஆறில் ஒரு பங்குகூட இல்லாத கூட்டத்திலிருந்து, ஒருவர் நீங்கலாக, அத்தனை மரணங்களும் நிகழ்ந்தன! இதற்குமேல் சாட்சி எதற்கு?

தைவான் சர்க்கார் தயங்கவில்லை. 1984 ஜூலையில் கிருமியைச் சுமக்கும் தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1986 முதல் பிறக்கும் குழந்தைகள் எல்லாருக்கும் தடுப்பூசி இடுவதென்று திட்டமிட்டு நிறைவேற்றிற்று. தைபே நகரத்துக் குழந்தைகளுள் கிருமியைச் சுமந்தோர் 1984-இல் நூற்றுக்கு 9.8, 1994-இல் நூற்றுக்கு 1.3. கிருமி குறைந்தது, புற்றும் குறைந்ததா? ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள சிறுவர்களிடையே ஈரற் புற்று, 1981 முதல் 1986 வரை ஆண்டுதோறும் லட்சத்திற்கு 0.70 என்ற விகிதத்தில் இருந்தது. 1990 முதல் 1994 வரை 0.36 ஆயிற்று. ஏறக்குறையப் பாதி. இதனை அந்நாட்டு மருத்துவர்கள் 1997-இல் உலகிற்கு அறிவித்தனர். தடுப்பூசியால் மனிதரின் புற்றுநோயைக் குறைத்துக் காட்டிய முதல் தேசம் தைவான். அது பெருநிலமும் பெருஞ்செல்வமும் படைத்த வல்லரசன்று. உறுதி படைத்த ஒரு சிறு தீவு.

ஏற்கெனவே கிருமி குடிபுகுந்தவர்களுக்கு நம்பிக்கை இல்லையோ எனின், உண்டு. ஈரல் வெகுவாகத் தழும்பேறிய 651 ஆசிய நோயாளிகளிடம் நடைபெற்ற பரிசோதனை ஒன்றின் முடிவு 2004-இல் வெளியாயிற்று. கிருமியை அடக்கும் லாமிவுடின் என்னும் மருந்தைச் சிலருக்கும், வெறும் மாத்திரையைச் சிலருக்கும் அளித்தனர். மூன்றாண்டிற்குச் சற்றுக் குறைந்த காலத்தில், வெறும் மாத்திரை உண்டவருள் நூற்றுக்கு 7.4 பேருக்கும், மருந்து உண்டவருள் 3.9 பேருக்கும் ஈரற் புற்று கண்டது. கனலை அடக்கினால் புற்றும் பின்வாங்குகிறது என்பதற்கு இது நேரான சான்று. இன்று அதனினும் சிறந்த டெனோஃபோவிர், என்டெகாவிர் என்னும் மருந்துகள் உள்ளன. 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இவை சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் விலையின்றி வழங்கப்படுகின்றன. ஜூலை 28 பிளம்பெர்க் பிறந்த நாள் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

சுதேசி மருந்து

தடுப்பு மருந்து 1981-இல் பிறந்தும், இந்தியத் தாயின் குழந்தைக்கு அது எட்டாக் கனியாகவே நெடுநாள் இருந்தது. கடல் கடந்து வந்த மருந்தின் விலையைச் செல்வரே கொடுக்க முடிந்தது. பொறியியல் கற்ற வரப்பிரசாத் ரெட்டி என்பவர் அந்நிய நாட்டில் இம்மருந்தின் தொழில்நுட்பத்தை விலைக்குக் கேட்டதும், அலட்சியமான மறுமொழி பெற்றதும் அவரே பல இடங்களில் கூறிய செய்தி. அவர் 1993-இல் ஹைதராபாத்தில் தம் அன்னையின் பெயரால் சாந்தா பயோடெக்னிக்ஸ் என்னும் நிலையத்தை அமைத்தார். ஓமன் நாட்டிலிருந்து முதலீடு கிடைத்தது. உஸ்மானியா சர்வகலாசாலையிலும், ஹைதராபாத்திலுள்ள தேசிய உயிரணு ஆராய்ச்சி நிலையத்திலும் இடம் கிடைத்தது. 1997-இல் 'சான்வாக் பி' என்னும் சுதேசித் தடுப்பு மருந்து வெளிவந்தது. வேறு இந்தியக் கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. விலை சரிந்தது, ஏழையின் குடிசைக்கும் மருந்து செல்லும் வழி திறந்தது. சுதேசி என்பது துணியோடு முடிந்துவிடும் விரதமன்று என்பதற்கு இதனினும் வேறு உதாரணம் வேண்டுவதில்லை. அந்நிலையமே 2009-இல் பிரெஞ்சு நாட்டு சனோஃபி கம்பெனியின் வசமாயிற்று என்பதையும் மறைப்பதற்கில்லை. உண்டாக்குவதில் காட்டிய ஊக்கத்தைக் காப்பதிலும் காட்டுதல் வேண்டும்.

சுதேசியம் பேசும்போது கீழாநெல்லியைக் கூறாது விடலாகாது. காமாலைக்கு நம் முன்னோர் கையாண்ட அம்மூலிகையைச் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்தனர். முடிவை 1988-இல் லண்டன் லான்செட் பத்திரிகையில் வெளியிட்டவர்களுள் பிளம்பெர்க்கும் ஒருவர். மூலிகை உண்ட 37 பேருள் 22 பேரின் இரத்தத்திலிருந்து கிருமியின் மேலுறை மறைந்தது என்றும், உண்ணாத 23 பேருள் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது என்றும் கண்டபோது நம் நாடு பூரித்தது. பின்னர் வெவ்வேறு இடங்களில் செய்த பரிசோதனைகளில் அப்பயன் மீண்டும் தோன்றவில்லை. உண்மைத் தேசாபிமானி இரு செய்திகளையும் கூறுவான். காமாலைகளுள் பல தாமே தீர்வன. அவை தீரும்போது உண்ட மருந்திற்குப் புகழ் சேர்கிறது. நாட்பட்ட ஹெபடைடிஸ் பி அவ்வாறு எளிதில் தீர்வதன்று. கண்ணின் மஞ்சள் மறைந்ததென்று மகிழ்ந்து இரத்தப் பரிசோதனையைக் கைவிடுவோர் உள்ளே கனலும் நெருப்பை மூடி வைத்தவராவர். மூலிகையை ஆராய்க, ஆனால் அதனை நம்பித் தடுப்பூசியை விலக்கற்க.

ஒரு பகல் ஓர் இரவு

2011 டிசம்பரில் இம்மருந்தையும் உள்ளடக்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி இந்தியாவில் முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமே வழங்கத் தொடங்கிற்று. இன்று குழந்தையின் 6, 10, 14-ஆம் வாரங்களில் அவ்வூசி இடப்படுகிறது. ஆயினும் தாயிடமிருந்து தொற்றுவதைத் தடுப்பதற்கு அவை போதா. பிறந்த 24 மணி நேரத்திற்குள் தனித் தடுப்பூசி ஒன்று இடல் வேண்டும். நாடு முழுவதையும் நோக்குமிடத்து, இம்முதல் ஊசியைப் பெறும் குழந்தைகளின் தொகை, பிந்திய ஊசிகளைப் பெறுவோர் தொகையினும் குறைந்தே வந்திருக்கிறது.

காரணங்கள் என்ன? வீட்டுப் பிரசவம் ஒன்று. விடுமுறை நாளிலும் நள்ளிரவிலும் நிகழும் பிரசவங்களில் ஊசி போடும் ஊழியர் இல்லாமை மற்றொன்று. மூன்றாவது காரணம் வியப்பிற்குரியது. பத்துக் குழந்தைகளுக்குரிய மருந்து ஒரே குப்பியில் வருகிறது. ஒரு குழந்தைக்காகத் திறந்தால் மீதி வீணாகுமே என்று அஞ்சித் திறவாமலே விட்டுவிடும் வழக்கம் பல ஆஸ்பத்திரிகளில் காணப்பட்டது. முறையாகக் குளிரில் காத்தால் திறந்த குப்பியை 28 நாள் வரையில் பயன்படுத்தலாம் என்று சர்க்கார் விதியே கூறுகிறது. சில துளி மருந்தைச் சேமிக்கப் போய் ஓர் உயிரைச் செலவிடுவது எவ்வகைச் சிக்கனம்?

இவ்வலட்சியத்தின் மூலம் வேறோரிடத்தில் உளது. இன்று இட்ட ஊசியின் பலன் நாற்பது ஆண்டு கழித்தே தெரியும். ஐந்தாண்டிற்கொருமுறை வாக்குக் கேட்போருக்கு அது மிக நீண்ட காலம். புதிய ஆஸ்பத்திரிக் கட்டடத்தைத் திறந்து வைக்கலாம். வராத நோயைத் திறந்து வைப்பதெப்படி? காப்பாற்றப்பட்டவனுக்குத் தான் காப்பாற்றப்பட்டது தெரியாது. ஆகவே நன்றி கூற அவன் வரமாட்டான். நன்றி எதிர்பாராத தொண்டு இது. அதனாலேயே இதனைத் தொண்டர்கள் கையிலெடுத்தல் வேண்டும். தம் ஊர் ஆஸ்பத்திரியில் சென்ற மாதம் பிறந்த குழந்தைகள் எத்தனை, அவற்றுள் முதல் நாளே ஊசி பெற்றவை எத்தனை என்ற இரு கேள்விகளை அவர்கள் மாதந்தோறும் கேட்கட்டும். கர்ப்பவதிகள் யாவருக்கும் இரத்தப் பரிசோதனை நடைபெறுகிறதா என்றும் கேட்கட்டும். கிருமியைச் சுமக்கும் தாயின் குழந்தைக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்னும் காப்பு மருந்தும் உடனே கிடைக்க வேண்டும்.

வேண்டாத தீண்டாமை

கிருமியைச் சுமப்பவர் என்று தெரிந்தால் அவரை விலக்கி வைக்கும் வழக்கம் படித்தவரிடையும் காணப்படுகிறது. உடன் உண்பதாலோ, ஒரே குவளையில் நீர் அருந்துவதாலோ, கைகுலுக்குவதாலோ, தழுவிக்கொள்வதாலோ இந்நோய் தொற்றாது. இரத்தத்தாலும் உடலுறவாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்துமே தொற்றும். தீண்டாமையைச் சட்டத்தால் ஒழித்த நாடு இரத்தப் பரிசோதனைச் சீட்டின் பேரால் மற்றொரு தீண்டாமையை வளர்ப்பது நாணத்தக்கது. விலக்கப்படுவோம் என்ற அச்சமே பலரைப் பரிசோதனையிலிருந்து விரட்டுகிறது. பரிசோதனை செய்யாதவர் மருந்தையும் பெறார். ஆகவே இது கொடுமை மட்டுமன்று, நோய்க்குத் துணை செய்யும் மடமையுமாகும்.

அஞ்சத்தக்கவை வேறு உள. ஒருவருக்கு இட்ட ஊசியை மற்றவருக்கும் இடுவது பெருங்கேடு. 2009-இல் குஜராத் மாகாணத்து மோடாசா நகரில் இவ்வழக்கத்தால் நோய் பரவிப் பலர் மாண்டனர். முடிதிருத்தும் நிலையத்தில் ஒருவரது சவரத் தகட்டைப் பிறருக்குப் பயன்படுத்தலாகாது. கிருமியைச் சுமப்பவர் மதுவைத் தொடலாகாது; மது அதே ஈரலில் மற்றொரு கனலை மூட்டுவது. பூஞ்சை பிடித்த நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. அதுவும் இக்கிருமியும் ஓருடலில் கூடினால் புற்றின் அபாயம் பன்மடங்காகும். தானியத்தை உலர்த்திக் காப்பதும் புற்றுநோய்த் தடுப்பே.

புற்றுநோய் அனைத்திற்கும் அழற்சியே காரணம் என்று நாம் கூறவில்லை. காரணங்கள் பல. ஆயினும் ஈரலில் கண்ட நீதி வேறிடங்களிலும் விளங்குகிறது. இரைப்பையில் ஹெலிகோபாக்டர் என்னும் கிருமி மூட்டும் நெடுங்கனல் அங்கே புற்றுக்கு வழி செய்கிறது. புகையிலையையும் பாக்கையும் இடைவிடாது மெல்வோர் வாயிலும் புண்ணும் தழும்பும் தோன்றிப் புற்றுக்கு இடம் தருகின்றன. ஆறாத புண்ணை அலட்சியம் செய்யாதே என்பதே எல்லாவற்றின் சாரம்.

நாம் வேண்டுவது பெரிதன்று. கருவிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு குழந்தைக்கும், அது மாளிகையில் பிறப்பினும் குடிசையில் பிறப்பினும், ஞாயிற்றுக்கிழமையில் பிறப்பினும் நள்ளிரவில் பிறப்பினும், முதல் 24 மணி நேரத்திற்குள் ஓர் ஊசி. மருந்து நம் நாட்டிலேயே தயாராகிறது, விதியும் உளது, ஊழியரும் உளர். இவ்வளவும் இருந்தும் ஒரு குழந்தை தவறிப்போய், நாற்பது ஆண்டு கழித்து ஈரற் புற்றால் மடியுமாயின், அதனை விதியென்று கூற நமக்கு உரிமையில்லை.